சான்றிதழ் கேட்பது இரத்தலாகுமா?

இல்லத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன நாள் முதல் அக்குடும்பத்தார் கற்க நேரும் பாடங்கள் பல. மருந்துகளின் பெயர்கள், உணவு முறை, பணம் புரட்டும் வழி, உறவினரின் இயல்பு ஆகியவை யாவரும் எதிர்பார்ப்பவையே. எவரும் எதிர்பாராத பாடம் ஒன்றும் உண்டு. அது தாள்களைப் பற்றியது. பயணச் சலுகைக்கு ஒரு சான்றிதழ், விடுப்புக்கு ஒரு சான்றிதழ், காப்பீட்டுக்கு ஒன்று, வரிக் கழிவுக்கு ஒன்று, பேச இயலாதவர் என்பதற்கு மற்றொன்று என நோயோடு வாழ்பவர் தம் நோயை மெய்ப்பித்துக்கொண்டே வாழ வேண்டியிருக்கின்றது. அறம் பற்றி எழுதும் பக்கத்தில் அலுவலகத் தாள்களைப் பற்றி எழுதுவது பொருந்துமோ என்று நாமும் சிறிது தயங்கினோம். ஆயினும், நம் இல்லத்தில் கடந்த சில ஆண்டுகளில் எழுந்த அற வினாக்கள் யாவும் இத்தாள்களின் வழியாகவே எழுந்தன. ஆகவே எழுதத் துணிந்தோம்.

நம் தமையனார் வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வேளாண்மை செய்து வருபவர். நாற்பது ஆண்டுகளாக ஊர் ஜினாலயத்தில் காலைப் பூசை முடிந்ததும் தோத்திரப் பாக்களை உரத்த குரலில் படித்து வந்தார். அவர் குரல் கேட்ட பிறகே நம் தெருவில் பால் கறப்பார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அக்குரல் கம்மியது. கஷாயமும் கற்பூரவல்லியுமாக மூன்று மாதங்கள் கழிந்தன. குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை அன்று நாம் அறியோம். வாசக அன்பர்கள் அறிந்துகொள்க. ஐப்பசியில் சென்னையில் குரல்வளைப் புற்று என்று முடிவாயிற்று. குரல்வளை முழுவதும் அகற்றப்பட்டது. பின்னர் ஆறு வாரங்கள் கதிர்வீச்சு. இன்று அவர் கழுத்தின் முன்புறத்தில் இடப்பட்ட துளை வழியாகவே மூச்சு விடுகின்றார். பேச்சு இல்லை. பேரப்பிள்ளையின் சிலேட்டுப் பலகையே அவர் வாய்.

சிகிச்சை முடிந்தபின் முதலாண்டில் அடிக்கடி சோதனைக்குச் செல்ல வேண்டியிருந்தது. திண்டிவனத்திலிருந்து எழும்பூருக்கு இரயிலில் செல்வோம். புற்றுநோயாளர் சிகிச்சைக்கோ சோதனைக்கோ பயணம் செய்கையில் இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கின்றது. இரண்டாம் வகுப்பில் முக்கால் பங்கு கழிவு. படுக்கை வகுப்பிலும் குளிர்பதன மூன்றடுக்கு வகுப்பிலும் நோயாளருக்குக் கட்டணமே இல்லை. துணைக்குச் செல்பவர் ஒருவருக்கும் சலுகை உண்டு. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது மூத்த குடிமக்களுக்குரிய சலுகை நிறுத்தப்பட்டது, நோயாளருக்குரியது நிற்கவில்லை. இதற்கு வேண்டுவது, சிகிச்சையளிக்கும் மருத்துவமனை உரிய படிவத்தில் எழுதித் தரும் சான்றிதழ் ஒன்றே.

தமையனார் அதனை வாங்க மறுத்தார். “தம்பி, நம் வீட்டில் கொடுத்துத்தான் பழக்கம். டிக்கெட்டுக்காக நான் நோயாளி என்று எழுதி வாங்கிக்கொண்டு சன்னலில் நீட்டுவதா?” என்று பலகையில் எழுதினார். ‘நீட்டுவதா’ என்னும் சொல்லின் கீழ் இரண்டு கோடுகள் இட்டார்.

அவர் கேட்டது எளிய வினா அன்று. ஏற்பது இகழ்ச்சி என்று குழந்தைப் பருவத்திலேயே கற்றவர்கள் நாம். பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வதைப் பெருமையாகக் கருதும் குடும்பங்கள் நம்மவருள் மிகுதி. அப்பெருமையைப் பழிக்கவும் நமக்கு மனமில்லை. பல ஊர்களில் கோயிலும் பள்ளியும் நின்றது அதனால்தான். ஆயினும், சான்றிதழ் கேட்பது இரத்தலின் பாற்பட்டதா என்பதைச் சிறிது நின்று எண்ணிப் பார்த்தோம்.

சான்று என்பது சாட்சியம். நிலத்தின் வரப்பு பற்றி வழக்கு எழும்போது அண்டை நிலத்தாரை அழைத்து, “நீர் கண்டதைச் சொல்லும்” என்று கேட்கின்றோம். அதனை எவரும் பிச்சை என்று சொல்வதில்லை. கண்டவர் கண்டதைச் சொல்லக் கடமைப்பட்டவர். கேட்பவர் கேட்கும் உரிமை உடையவர். மருத்துவர் நம் உடலைத் திறந்து கண்டவர். கண்டதை எழுதித் தருமாறு அவரைக் கேட்பதில் இழிவு யாது?

இவ்வாறு நாம் வாதிட்டபோது தமையனார் மடக்கினார்: “சாட்சி சரி. சாட்சியைக் கொண்டு வாங்கும் பொருள்?” உண்மை. சான்று இரத்தல் அன்று என்று நிறுவினாலும், அதன் வழியாகப் பெறும் சலுகை எத்தகையது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. “நாம் வரி செலுத்துகின்றோம், நம் பணந்தானே திரும்பி வருகின்றது” என்று சொல்வோர் உளர். இவ்விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. அது வணிகரின் கணக்கு. அக்கணக்கின்படி பார்த்தால், இரத்தப் புற்றுநோய் கண்ட ஐந்து வயதுக் குழந்தை எதனைச் செலுத்தியிருக்கின்றது? ஒரு பைசாவும் செலுத்தாதவர்க்கும் இச்சலுகை உரியது என்றால், உரிமையின் வேர் வேறெங்கோ இருக்க வேண்டும்.

நம்மவர்க்குத் தெரிந்த நால்வகைத் தானங்களை ஈண்டு நினைவு கூர்ந்தோம். உணவு, அடைக்கலம், மருந்து, ஞானம் ஆகிய நான்கையும் அளிப்பது இல்லறத்தார் கடன் என்று வழிவழியாகக் கேட்டு வருகின்றோம். மருந்து அளித்தல் அறம் என்றால், அதனைப் பெற்றுக்கொள்ள ஒருவர் எதிரே நின்றாக வேண்டும். நம் பாட்டனார் திண்ணையில் வைத்துக் கொடுத்த சூரணத்தை வாங்கிச் சென்றவர்களை இழிந்தோர் என்று அவர் நினைத்ததில்லை, நாமும் நினைத்ததில்லை. கொடுக்கும் கையை உயர்த்திப் பேசி வாங்கும் கையைத் தாழ்த்தினால், அத்தானம் வாங்கியவரை அவமதிக்கும் செயலாகிவிடுமே. நாற்பதாண்டுகள் கொடுத்தவருக்கு வாங்குவது கடினமாயிருப்பதன் காரணத்தை நாம் இவ்விடத்தில் ஐயுறுகின்றோம். கொடுக்கும்போது நம்மையறியாமல் நாம் சிறிது உயரத்தில் நின்றிருந்தோம் போலும்.

இதனைத் தமையனாரிடம் நாம் சொல்லவில்லை. நோயுற்றவரிடம் சொல்லத்தக்க பேச்சன்று அது. அண்ணியார்தாம் காரியத்தை முடித்தவர். “துணைக்கு வரும் எனக்கும் சேர்த்துத்தானே சலுகை? எனக்காக வாங்கிக் கொடுங்கள்” என்றார். அவர் மறுபேச்சின்றி இசைந்தார்.

அடுத்து நேர்ந்தது நம் பிழை. அதனை மறைக்காமல் எழுதுகின்றோம். அப்போது தமையனாரின் இளைய மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். நம்முடையது சிறிய சமூகம். ஓர் ஊரில் விளக்கேற்றினால் மறு ஊரில் தெரியும். புற்றுநோய் என்னும் சொல் எத்தாளிலும் இடம்பெற வேண்டாமென்று நாமே மருத்துவமனையில் மன்றாடினோம். இளம் மருத்துவர் ஒருவர் இரக்கப்பட்டுத் தொண்டை நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார் என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டார். இரயில் நிலையத்தில் முன்பதிவு எழுத்தர் அதனைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். “தொண்டை வலிக்கெல்லாம் சலுகை இல்லை, ஐயா” என்றார். அவர் மீது குற்றமில்லை. தாளில் உள்ளதைத்தான் அவர் படித்தார்.

தமையனாருக்கு நோயின் பெயர் தெரியாது என்று நாம் எண்ணியிருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகின்றோம். ‘கட்டி’ என்றே அவரிடம் சொல்லி வந்தோம். அன்று நடைமேடை இருக்கையில் அமர்ந்து, திருப்பித் தரப்பட்ட தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, அவர் பலகையில் எழுதியது இது: “எனக்கு ஐப்பசியிலேயே தெரியும். கதிர் வைக்கும் அறை வாசலில் எழுதியிருக்கிறது. உங்களுக்காகத்தான் தெரியாதது போல் இருந்தேன்.”

பொய்யாமையைப் பேசும் குடும்பத்தில் இருபுறமும் அன்பின் பெயரால் ஒரு பொய் ஏழு மாதம் குடியிருந்தது. அவர் தம் அச்சத்தை எவரிடமும் பகிராமல் தனியே சுமந்தார். நாமும் அவ்வாறே சுமந்தோம். பிறர் மனம் நோகாதிருக்கச் சொல்லும் பொய் குற்றமாகுமா என்னும் பழைய வழக்கை நாம் இங்கே தீர்க்க முற்படவில்லை. ஆயினும், நோயாளருக்குச் சேர வேண்டிய உதவியைத் தடுக்கும் பொய்யும், அவரைத் தம் நோயோடு தனியே விடும் பொய்யும் எவ்வகையிலும் அன்பாகா என்று அந்த நடைமேடையில் கண்டோம்.

வரன் கைகூடவில்லை. சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்; பொருத்தம் பார்த்து முடித்து இரண்டு மாதம் கழித்து வந்த சொல் அது. அப்பெண் 2024இல் வேறிடத்தில் மணமுடித்து நலமாக இருக்கின்றாள். புற்றுநோய் தொற்றுவதில்லை, பெரும்பாலான புற்றுகள் வழிவழியாக வருவனவும் அல்ல. குரல்வளைப் புற்றுக்குப் புகையே முதற்காரணம் என்பது மெய்யே. எனினும், புகையையும் மதுவையும் தீண்டாதவர்க்கும் அது வருவதுண்டு. தமையனார் பீடியைத் தொட்டதில்லை. “இரகசியமாகப் புகைத்திருப்பார்” என்று ஒரு வீட்டிலும், “முன்வினை” என்று மற்றொரு வீட்டிலும் பேசிக்கொண்டார்கள். வினைக் கொள்கை நாம் நம்மை ஆராய்வதற்கு உரியது. அயலார் படுக்கையருகே நின்று தீர்ப்புரைப்பதற்கு அதனை எடுக்கலாகாது.

உள்ளதை மிகைப்படுத்துவது பொய் என்பதை யாவரும் அறிவர். உள்ளதைக் குறைத்துச் சொல்வதும் பொய்தான் என்பதை நாம் இந்நோயினால் அறிந்தோம். மருத்துவர் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டவுடன் நம்மவர் “பரவாயில்லை” என்போம். அது நாகரிகம். இரவெல்லாம் இருமி உட்கார்ந்திருந்தவரும் சோதனை நாளன்று நீராடி, வெள்ளை வேட்டி உடுத்து, சந்தனமிட்டு நிமிர்ந்து அமர்ந்து தலையசைப்பார். மருத்துவர் கோப்பில் ‘நலம்’ என்று எழுதுவார். அச்சொல் மருத்துவமனைக் கணினியில் ஏறி, பின்னர் விடுப்பு அலுவலகத்திற்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் செல்லும். அங்கே அது நோயாளருக்கு எதிரான சாட்சியாக நிற்கும்.

நம் சிற்றன்னையார் 2017இல் மார்பகப் புற்று எலும்பிற் பரவிக் காலமானார். வலி எவ்வளவு, சுழி முதல் பத்து வரை ஓர் எண் சொல்லுங்கள் என்று செவிலியர் கேட்கும்போதெல்லாம் அவர் இரண்டு என்பார். இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்ததை நாம் கண்டிருக்கின்றோம். “வினை கழிகிறது, கழியட்டும்” என்பார். மார்பின் மாத்திரைகளைப் புற்றுநோய் வலிக்குக் கொடுக்கலாம். அம்மருந்து மருத்துவமனைகளுக்கு எளிதிற் கிடைக்கும் பொருட்டுப் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டும் இருந்தது. ஆயினும், கோப்பில் இரண்டு என்றிருக்க எந்த மருத்துவர் அதனை எழுதுவார்? தவம் என்பது ஒருவர் உடல் நலத்தோடும் தெளிவோடும் தாமே விரும்பி ஏற்பது. பிணி தரும் வலியைச் சொல்லாமல் விழுங்குவதைத் தவம் என்று நாம் அன்று வியந்து நின்றது தவறு. அவ்வம்மையார் ஏழு என்று சொல்லியிருந்தால் அவருடைய கடைசி இரு மாதங்கள் வேறு வகையில் கழிந்திருக்கும். இதனை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கின்றது.

மற்றொன்று. நோயின் பெயர் நோயாளரின் வாழ்க்கையைச் சொல்லிவிடுவதில்லை. ‘குரல்வளைப் புற்று, அறுவை முடிந்தது, தொடர் கண்காணிப்பில் உள்ளார்’ என்பது மருத்துவத்தில் முழுமையான வாக்கியம். வாழ்க்கையில் அது பாதிகூட அன்று. கழுத்துத் துளையில் தூசி புகும் என்பதால் அவர் நெல் தூற்றும் களத்திற்குப் போக முடியாது. ஏரியில் இறங்கிக் குளிக்க முடியாது. மூச்சை அடக்கிக்கொள்ள இயலாமையால் பாரம் தூக்குவது கடினம். மூக்கு வழியாகக் காற்று செல்லாததால் மணம் தெரிவது குறைந்துவிட்டது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் அறியார். பேருந்து நிறுத்தம் தவறினால் கூவி நிறுத்த முடியாது. தனியே விழுந்தால் அழைக்க முடியாது. இவற்றை மருத்துவர் எங்ஙனம் அறிவார்? நாம் சொன்னாலன்றி அவர் அறிய வழியில்லை. இரண்டாம் முறை சென்றபோது நாம் ஒரு தாளில் இவற்றை வரிசையாக எழுதி, சான்றிதழ் எதற்காக, எந்த அலுவலகத்துக்கு, எந்த நாளுக்குள் வேண்டும் என்பதையும் குறித்துக் கொடுத்தோம். பெரிய மருத்துவர் அதனைப் படித்துவிட்டு, “இதை முன்னரே தந்திருக்கலாமே” என்றார். ஐந்து நிமிடத்தில் எழுதித் தந்தார்; நோயின் பெயரையும் முழுமையாக எழுதினார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. அதில் இருபத்தொரு வகைக் குறைபாடுகள் கூறப்பட்டுள்ளன. புற்றுநோய் அவற்றுள் ஒன்றாக இல்லை. ஆயின், பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டுக்கு விளக்கம் கூறுமிடத்தில் குரல்வளை நீக்கம் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளது. இதனை நமக்கு எடுத்துச் சொன்னவர் மருத்துவமனையில் நம்மைப் போலவே காத்திருந்த ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவரும் கழுத்துத் துளையோடு வாழ்பவர். அலுவலர் எவரும் சொல்லவில்லை. சட்டம் கொடுத்திருப்பதைக் கொடுத்திருக்கின்றது என்று சொல்வதற்கும் ஆள் வேண்டியிருக்கின்றது.

இனி, யாம் மிகவும் உழன்ற இடத்துக்கு வருகின்றோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012இல் தொடங்கியது. அதற்கு முன்னர் 2009 முதல் கலைஞர் பெயரால் நடந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்றிருந்த வரம்பு பின்னர் 1,20,000 ஆக உயர்ந்தது. வருமானச் சான்று இன்றியமையாதது. தமையனாருக்கு நிலம் உண்டு. மகனுக்குச் சென்னையில் சம்பளம் உண்டு. வரம்புக்கு உட்பட்டவர்கள் அல்லர். “ஊரில் நமக்கு வேண்டியவர் இருக்கிறார், மகன் தனிக்குடித்தனம் என்று காட்டி, நிலத்தை விட்டுவிட்டு எழுதி வாங்கிவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்?” என்று உறவினர் ஒருவர் வழி சொன்னார். அறுவைக்கு முன்பணம் கட்ட நான்கு நாளே இருந்தது. நம் நெஞ்சம் அசைந்தது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அப்போது தமையனாருக்கு இன்னும் குரல் சிறிது இருந்தது. கம்மிய குரலில், “பொய்க்கு என் பெயரைப் போடாதே, தம்பி” என்றார். நாம் கேட்ட அவர் சொற்களுள் கடைசியானவற்றில் அது ஒன்று. ஒரு காணி நிலத்தை விற்றோம்.

அந்நிலம் போனதில் நமக்கு இன்றும் வருத்தமே. செய்தது சரி என்பதிலும் ஐயமில்லை. இவை இரண்டும் ஒரே மனத்தில் இருக்கலாம் போலும். ஆயினும், ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் ஈட்டும் கூலித் தொழிலாளி ஒருவர், மனைவியின் உயிருக்காக 1,15,000 என்று எழுதி வாங்கினார் என்று கேட்டால் அவரைக் கள்வர் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. நமக்கு விற்க ஒரு காணி இருந்தது. அவருக்கு என்ன இருக்கின்றது? உள்ளவன் இல்லாதவன்போல் எழுதி வாங்குவதையும், விளிம்பில் நிற்பவன் அவ்விளிம்பைச் சிறிது நகர்த்திக்கொள்வதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாமா? விரதத்தின் சொற்படி இரண்டும் ஒன்றே என்று பெரியோர் சிலர் கூறினர். நம்மால் முற்றும் உடன்பட இயலவில்லை. வரம்பை வகுத்தவர்கள் அங்கே ஒரு சரிவை அமைக்காமல் செங்குத்தான படியை அமைத்தது ஏன் என்றே கேட்கத் தோன்றுகின்றது.

சான்று கேட்பவரின் கடமையையே பேசிக்கொண்டிருந்தால் நீதியாகாது. சான்று தருபவர்க்கும் கடமை உண்டு. மருத்துவர்களின் தொழில் ஒழுக்கம் பற்றி இந்திய மருத்துவக் கழகம் 2002இல் விதிகள் வகுத்தது. நோயாளரோ அவர் சார்பில் உரியவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது அதில் ஒன்று. தந்த சான்றிதழ்களுக்குப் பதிவேடு வைக்க வேண்டும். நோயாளரின் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ, அங்க அடையாளம் ஒன்றேனுமோ குறித்துக்கொள்ள வேண்டும். பொய்ச் சான்று தருவது ஒழுக்கக்கேடு என்றும் விதி கூறுகின்றது. நமக்கு ஒரு மருத்துவமனையில் வெளியேற்றச் சுருக்கத்தின் படி கிடைக்கப் பதினொரு நாள் ஆயிற்று. ஐந்து முறை நடந்தோம். கையொப்பமிட வேண்டியவர் விடுப்பில், முத்திரை வைத்திருப்பவர் உணவு இடைவேளையில், கோப்பு வேறு கட்டடத்தில். பேச்சற்ற ஒருவர் பலகையை ஏந்திச் சன்னலில் நிற்க, உள்ளிருந்தவர் நிமிராமலே “வாயைத் திறந்து சொல்லுங்கள்” என்றார். அவர் நிமிர்ந்து கழுத்தைக் கண்டபின் எழுந்து நின்றுவிட்டார். வேலைப் பளு அத்தகையது. அன்றைக்கு அவர் நிமிராமல் விடை சொன்னவர்கள் நூற்றுக்குக் குறையார்.

சட்டமும் காலப்போக்கில் யார் சொல்லை நம்புவது என்று கற்றுக்கொள்கின்றது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவில் புற்றுநோய்ச் செலவுக்குக் கழிவு கோருவோர், அரசு மருத்துவமனையிற் பணிபுரியும் சிறப்பு மருத்துவரிடமே சான்று பெற வேண்டும் என்றிருந்தது. 2015இல் அதனைத் திருத்தி, உரிய சிறப்பு மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டே போதும் என்று ஆக்கினர்.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ள இளைஞர்க்கு ஒரு சொல். நோய்க்கால உதவித் தொகை சம்பளத்தில் 70 விழுக்காடு, 91 நாள் வரை உண்டு. புற்று முதலிய நெடுநோய்களுக்குப் பணித் தொடர்ச்சி முதலான நிபந்தனைகளுக்கு உட்பட்டு 80 விழுக்காடாக இரண்டாண்டு வரை நீட்டிக்கப்படும். திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த நம் உறவினர் மகன், முடி கொட்டிய தலையோடு மருந்தகத்துக்குச் செல்ல வெட்கி இரு தவணைச் சான்றிதழ்களை வாங்காமல் விட்டான். அத்தவணைக்குரிய தொகை அவனுக்கு வரவில்லை. தந்தையார் உடன் சென்றிருக்கலாம். நாமும் சென்றிருக்கலாம்.

உடன் செல்வது என்பது சிறிய செயலாகத் தோன்றுகின்றது. நோயுற்ற துறவியர்க்குப் பணிவிடை செய்வதைத் தவத்தின் பகுதியாகவே நம் நூல்கள் வைத்துள்ளன. இக்காலத்தில் இல்லறத்தார் ஒருவருக்கொருவர் செய்யத்தக்க பணிவிடையில் படிவம் நிரப்புதலும், வரிசையில் நிற்றலும், நகல் எடுத்து வைத்தலும் அடங்கும் என்று கருதுகின்றோம். நோயாளரைக் காண ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து அரைமணி அமர்ந்து செல்பவர் பலர். “திங்கட்கிழமை நான் போய் அந்தக் கையெழுத்தை வாங்கி வருகிறேன்” என்று எழுந்தவர் நமக்கு இருவரே வாய்த்தனர்.

மாற்றுத்திறனாளி அட்டைக்குச் சென்ற நாளில் ஒரு சிக்கல் நேர்ந்தது. தமையனாரின் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் ‘கழுத்தின் வலப்புறம் ஒரு மச்சம்’ என்றிருந்தது. அறுவையில் அம்மச்சம் போய்விட்டது. அடையாளம் பொருந்தவில்லையே என்று எழுத்தர் தயங்கினார். மருத்துவர் சிறிது எண்ணி, கழுத்தின் நடுவே நிலையான துளை என்பதையே புதிய அடையாளமாக எழுதினார். தமையனார் அதனைப் படித்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். ஓசையில்லாமல் அவர் சிரித்ததை அறுவைக்குப் பிறகு அன்றுதான் முதன்முறையாகக் கண்டோம்.

இப்போது அவர் வீட்டில் ஒரு துணிப்பை தொங்குகின்றது. எல்லாச் சான்றிதழ்களின் நகல்களும், சான்று வேண்டி எழுதும் விண்ணப்பத்தின் மாதிரி ஒன்றும் அதில் உள்ளன. மாதிரி அவர் கையெழுத்தில் உள்ளது. எழுத்துகள் முத்துப் போன்றவை. அண்டை ஊர்களிலிருந்து வந்து பார்த்து எழுதிச் செல்கின்றனர். சென்ற மாதம் ஓர் அம்மையார், தெருவில் எவரும் காணாதபடி விளக்கு வைத்த பிறகு வந்தார். மகளுக்காக என்றார். வயதைக் கேட்டோம், பத்தொன்பது என்றார். தமையனார் மருத்துவமனை, நாள், தேவை எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார். நோய் என்னும் இடம் வந்ததும் அம்மையார், “அதை மட்டும் விட்டுவிடுங்களேன், அண்ணா” என்றார். தமையனார் நம்மை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவ்விடத்தை வெறுமையாக விட்டு, தாளை மடித்து, அதன்மேல் தம் பேனாவையும் வைத்து அவரிடம் நீட்டினார். அம்மையார் இரண்டையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு சென்றார். பேனா இன்னும் திரும்பி வரவில்லை.